ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ளோர் வாசிக்கலாம்.

பழைய லேண்ட் ரோவர் வண்டியைப் பற்றிப் பிரபலம் ஒருவர் எழுதிய நூல், அவ்வண்டியை நேசிப்போரை ஏன் இத்துணை ஏமாற்றத்திற்கு உள்ளாக்குகிறது என்பதே இப்பதிவின் பொருள். மொழியியல் படித்தவளுக்கு வண்டி பற்றிய நூலில் என்ன வேலை என்று கேட்போருக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு தொழிற்சொற்களைப் பற்றியது. வண்டி ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும் தம் கருவிகளையும் பாகங்களையும் எவ்வாறு பெயரிட்டு வழங்குகின்றனர், அப்பெயர்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு சென்று சேர்கின்றன என்பதை ஆராய்கிறேன். அதற்காக டார்ஜிலிங் மலைப்பகுதியிலும் கொல்கத்தாவிலும் தங்கித் தரவு திரட்டினேன். ஒருவரையொருவர் அறியாத இருவர், இரு வேறு மொழிகளில், ஒரே நூலைப் பற்றி ஒரே மனக்குறையை என்னிடம் சொன்னார்கள். ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை. மனத்தைவிட்டும் அகலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தரப்போவதில்லை. அவர் தொலைக்காட்சியால் அறியப்பட்டவர் என்பது போதும். என் பேச்சு ஒரு மனிதரைப் பற்றியதன்று. புகழ் பெற்றவர் ஒருவர், தாம் விரும்பும் ஆனால் நன்கு அறியாத பொருளைப் பற்றி எழுதும் ஒரு நூல் வகைமையைப் பற்றியது. லேண்ட் ரோவருக்குப் பதில் கிரிக்கெட்டையோ கருநாடக இசையையோ சோழர் வரலாற்றையோ வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான்.

வண்டியை அறியாதோருக்காகச் சில செய்திகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அந்நிறுவனத்தை நிர்வகித்தார். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் மாரிஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் பயன்படுத்தியது போரில் எஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது ஓய்ந்துபோனால் எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து, 1947இல், உழவருக்கான ஒரு வண்டியின் எண்ணம் பிறந்தது. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் சேசிஸின்மீதே கட்டப்பட்டது. அதில் ஸ்டியரிங் நடுவில் இருந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. எஃகுக்குக் கட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஆகவே உடற்பகுதிக்கு அலுமினியக் கலவைத் தகடு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். எஞ்சின் 1.6 லிட்டர். கார் விற்பனை சீராகும் வரை ஆலையை ஓட்ட உதவும் இடைக்கால ஏற்பாடாகவே நிறுவனம் அதைக் கருதியது. அந்த இடைக்கால ஏற்பாடு, பல உருமாற்றங்களுடன், 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் ஆலையில் தொடர்ந்தது. அறுபத்தேழு ஆண்டுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

இத்துணை நீண்ட வாழ்வு வாய்த்த ஒரு பொருளைச் சுற்றி ஓர் அறிவு மரபு உருவாவது இயல்பு. கழகங்கள் தோன்றின. சேசிஸ் எண்களின் பதிவேடுகள் தொகுக்கப்பட்டன. எந்த ஆண்டின் எந்த மாதத்தில் எந்தத் திருகாணி மாறியது என்று அறிந்தவர்கள் உருவானார்கள். பல்கலைக்கழகம் எதுவும் இவ்வறிவுக்குப் பட்டம் தருவதில்லை. ஊதியம் பெற்று இதைத் திரட்டுவோர் மிகச் சிலரே. வார இறுதிகளில், எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன், தம் செலவில் திரட்டியோரே மிகுதி.

கொல்கத்தாவில் எனக்குத் தகவல் தந்து உதவிய ஓய்வுபெற்ற பொறியாளர் அத்தகையவர். 1950களின் லேண்ட் ரோவர் ஒன்றைத் தம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் வைத்திருக்கிறார். அதை ஓட்டுவதைக் காட்டிலும் கழற்றிப் பூட்டுவதிலேயே அவருக்கு மகிழ்ச்சி. பாகங்களின் பெயர்களைப் பதிவு செய்யச் சென்ற எனக்கு, மூன்றாம் நாள், அந்த நூலைக் கொடுத்தார். "மா, நீயே படித்துப் பார். நான் பாதியில் விட்டுவிட்டேன்" என்றார். வங்காளத்தில் முதியவர்கள் இளம்பெண்களை அவ்வாறு அழைப்பது வழக்கம்.

நூலின் ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள் இருந்தன. முதல் இயலில் திருத்தங்கள்: ஆண்டு தவறாயின் சரியான ஆண்டு, பாகத்தின் பெயர் தவறாயின் சரியான பெயர். மெய்ப்புத் திருத்துவோரின் சிறிய, ஒழுங்கான எழுத்து. மறுபதிப்பு வந்தால் பயன்படும் என்று கருதிய ஒருவரின் கை அது. இரண்டாம் இயலில் சொற்கள் குறைந்து கேள்விக்குறிகள் மட்டும் எஞ்சின. மூன்றாம் இயலின் நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடு. அதன்பின் எதுவும் இல்லை. சினத்துடன் எழுதப்பட்ட மதிப்புரை எதுவும் அந்த வெற்று ஓரங்களைப் போல என்னைத் தொட்டதில்லை. திருத்துவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை எந்தப் பக்கத்தில் தீர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அவரைச் சோர்வடையச் செய்த பிழைகள் எத்தகையவை? இவ்வகை நூல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மொழியியலாளருக்கோ வரலாற்று மாணவருக்கோ அந்நியமானவை அல்ல.

முதலாவது, பெயர் பற்றியது. பழைய லேண்ட் ரோவர் எதுவாயினும் அதை 'டிஃபெண்டர்' என்று எழுதிவிடுவது. டிஃபெண்டர் என்னும் பெயர் 1990இல்தான் சூட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு டிஸ்கவரி என்னும் புதிய வண்டி சந்தைக்கு வந்திருந்தது. அதிலிருந்து பழையதை வேறுபடுத்த ஒரு பெயர் தேவைப்பட்டது. அதுவரை அது வெறும் லேண்ட் ரோவர், அல்லது அச்சுகளின் இடைத்தூரத்தைக் கொண்டு 'தொண்ணூறு', 'நூற்றுப்பத்து'. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தொண்ணூறு எனப்பட்ட வண்டியின் உண்மையான இடைத்தூரம் 92.9 அங்குலம். அவ்வாறே 'முதல் வரிசை' என்று இன்று நாம் அழைக்கும் வண்டிக்கு 1948இல் அப்பெயர் இல்லை. 1958இல் 'இரண்டாம் வரிசை' வந்த பின்னரே முன்னது முதல் வரிசை என நிலைபெற்றது.

இது பின்னோக்கிச் சூட்டப்படும் பெயர். தமிழில் இதற்குச் சான்றுகள் ஏராளம். பிராய்லர் கோழி வரும்வரை நாட்டுக்கோழி என்று ஒன்று இல்லை, கோழிதான் இருந்தது. வண்ணப்படம் வரும்வரை கறுப்பு வெள்ளைப் படம் இல்லை. இரண்டாம் போர் மூளும்வரை முதலாம் உலகப் போர் நிலைபெறவில்லை. ஒரு பெயர் எப்போது தோன்றியது என்பது அப்பொருள் எப்போது தன் இனத்திலிருந்து பிரித்தறியப்பட்டது என்பதைக் காட்டும். 1955ஆம் ஆண்டு வண்டியை டிஃபெண்டர் என்பது, இராசராச சோழன் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கோயில் கட்டினான் என்பதைப் போன்றது. இடம் சரிதான்; காலம் சரிந்துவிடுகிறது. ஜீப்பைப் பார்த்து உழவருக்காக உருவான வண்டி, நாற்பதாண்டுகள் கழித்துத் தன் வீட்டிலேயே பிறந்த இளைய வண்டிகளால் பெயர் மாற்றம் பெற்றது என்ற கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பெயரைத் தவறாக எழுதுபவர் அந்தக் கதையைச் சொல்லும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

இரண்டாவது, தோற்றத்தைக் கொண்டு காலத்தை அறிவது பற்றியது. லேண்ட் ரோவரின் முகப்பு விளக்குகளைக் கவனியுங்கள். முதல் வண்டிகளில் அவை முன்புறக் கம்பிவலைக்குப் பின்னால் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் வலையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தன. 1960களின் இறுதியில் இருபுற மட்கார்டுகளுக்கு இடம்பெயர்ந்தன. விளக்கின் இடத்தை மட்டும் பார்த்தே ஒரு நிழற்படத்தின் காலத்தை ஆர்வலர் ஒருவர் குறுக்கிவிடுவார். கல்வெட்டு எழுத்தின் வடிவத்தைப் பார்த்து நூற்றாண்டைச் சொல்லும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. ஒரு படத்தின் அடியில் தவறான ஆண்டு அச்சிடப்பட்டால், தொல்லெழுத்தியலாளர் அடையும் அதே உறுத்தலை இவரும் அடைகிறார்.

மூன்றாவது, சரிபார்க்கப்படாத புகழுரை. 'துருப்பிடிக்காத வண்டி' என்பது ஒன்று. அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் சேசிஸ் எஃகு. எஞ்சினையும் ஓட்டுநரையும் பிரிக்கும் சட்டமும் எஃகு. இரண்டும் தாராளமாகத் துருப்பிடிக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் ஈரம் புகுந்தால் அலுமினியமே அரிக்கப்படும். வாரந்தோறும் வெல்டிங் செய்து சேசிஸை ஒட்டவைக்கும் ஒருவரிடம் போய், உங்கள் வண்டி துருப்பிடிக்காது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இதுவரை தயாரான லேண்ட் ரோவர்களில் இத்தனை விழுக்காடு இன்றும் ஓடுகின்றன என்ற வாசகம் மற்றொன்று. உலகெங்கும் எந்தக் காட்டிலும் எந்தக் கொட்டகையிலும் எத்தனை வண்டிகள் எஞ்சியுள்ளன என்று எண்ணியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய கதை. எஸ்கிமோ மொழியில் பனிக்கு எத்தனையோ நூறு சொற்கள் என்ற கூற்றை நினைத்துப் பாருங்கள். 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டாகத் தந்தவை நான்கு. கைமாறிக் கைமாறி அந்த எண் எவ்வாறு பெருகியது என்பதை 1986இல் லாரா மார்ட்டின் எடுத்துக்காட்டினார்; பின்னர் ஜெஃப்ரி புல்லம் அதை நகைச்சுவையுடன் பரவலாக்கினார். ஆயினும் அக்கூற்று சாகவில்லை. நம்பத் தோன்றும் எண் ஒன்று அச்சேறிவிட்டால், அதை அச்சிலிருந்து இறக்குவதற்கு ஒரு தலைமுறை போதாது. பிரபலத்தின் நூல் ஆயிரக்கணக்கில் விற்பனையாகும். அதிலுள்ள பிழை நாளை மற்றொரு நூலின் மேற்கோளாகும். பதிவேட்டைக் காத்துவந்த ஆர்வலரின் முப்பதாண்டு உழைப்பு ஒரே விற்பனைப் பருவத்தில் சிறுபான்மைக் கருத்தாகிவிடும். ஏமாற்றத்தின் பின்னால் உள்ள உண்மையான இழப்பு இதுதான்.

"இவையெல்லாம் அற்பப் பிழைகள், நூல் பொதுமக்களுக்கானது, குற்றம் காண்பதே இவர்கள் பொழுதுபோக்கு" என்று சொல்வோர் உண்டு. அவ்வாறு சொல்வோரில் நம் துறையினரும் அடக்கம். தம் துறையின் பிழையைப் பிழை என்றும், பிறர் துறையின் பிழையை அற்பம் என்றும் கொள்வது மனித இயல்பு. ஆனால் மொழியியலாளருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வாக்கியம் அந்த மொழியில் சரியா தவறா என்று தீர்மானிக்கும் உரிமையை நாம் தாய்மொழியாளருக்கு அளித்திருக்கிறோம். அவர் எழுத்தறியாதவராக இருக்கலாம். நாம் பேராசிரியராக இருக்கலாம். "இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று அவர் சொன்னால் நம் இலக்கணம்தான் திருந்த வேண்டும். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை இந்த ஆர்வலர்களே தாய்மொழியாளர்கள். 'மஞ்சளை அழுத்து, சிவப்பை இழு' என்றால் போதும், நான்கு சக்கர இயக்கமா, தாழ்ந்த கியரா என்று அவர்களுக்கு விளங்கும். பழைய வண்டிகளில் அந்தந்த நெம்புகோலின் தலையில் உள்ள குமிழின் நிறம் அது. இம்மொழியில் ஒரு நூல் எழுத முனைந்தவர், இம்மொழி பேசுவோர் ஒருவரிடமேனும் கையெழுத்துப் படியைக் காட்டியிருக்க வேண்டாமா?

துறை வல்லுநர் மட்டுமே எழுத வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதற்கு மாறான சான்று இதே வண்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டனர். ஐரோப்பா, மேற்காசியா கடந்து, இந்தியாவில் கொல்கத்தாவையும் அசாமையும் தொட்டு, போர்க்காலச் சாலை வழியே பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெஸர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' 1957இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் அன்று பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ. ஸ்லெஸர் பொறியாளர் அல்லர், புவியியல் படித்தவர். அவருடைய நூலில் எஞ்சினைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை. ஆயினும் லேண்ட் ரோவர் ஆர்வலர் வீடுகளில் அந்நூல் இன்றும் இருக்கிறது. ஏன்? தாம் கண்டதை மட்டும் எழுதினார், காணாததை எழுதவில்லை. அந்தப் பயணத்தில் சென்ற வண்டிகளுள் 'ஆக்ஸ்ஃபோர்டு' எனப் பெயரிடப்பட்டது பல பத்தாண்டுகளுக்குப் பின் அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா தீவில் கண்டெடுக்கப்பட்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் ஓடும் நிலைக்கு வந்தது. ஒரு நூல் வண்டியின் மீது ஏற்படுத்திய மதிப்பே அந்த மீட்புக்குக் காரணம் என்றால் மிகையாகாது. நல்ல நூலுக்கு இத்தகைய ஆற்றலும் உண்டு.

இனி டார்ஜிலிங் மலைக்கு வருகிறேன். மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடமான சந்தக்பூ 3,636 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு ஏறும் வழி மானேபஞ்சாங் என்ற சிற்றூரில் தொடங்கி, நேபாள எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 31 கி.மீ. செல்கிறது. கற்களும் கொண்டையூசி வளைவுகளும் நிறைந்த அந்த வழியில் பயணிகளையும் அரிசியையும் எரிவாயு உருளையையும் பல பத்தாண்டுகளாக ஏற்றிச் சென்றவை 1950களின் லேண்ட் ரோவர்கள். ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து, பின்னர் உள்ளூரார் கைக்கு மாறியவை. இங்கிலாந்தில் கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் வயதுடைய வண்டி, இங்கே விடியற்காலையில் குளிரில் உதறிக்கொண்டு கூலிக்குக் கிளம்புகிறது. பலவற்றில் பழைய எஞ்சின் போய் இந்திய டீசல் எஞ்சின் வந்துவிட்டது. தூய்மைவாத ஆர்வலர் இதைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். மொழியியலாளருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தின் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. ஆயினும் அது ஜெர்மானிய மொழிதான். எஞ்சினை மாற்றலாம்; சேசிஸ் எண் மாறாதவரை வண்டி அதுவே.

அங்கே என் முதன்மைத் தகவலாளர் ஐம்பதைக் கடந்த ஓர் ஓட்டுநர். அவர் தந்தையும் இதே வண்டியை ஓட்டியவர். நான் அவரை 'தாஜு' என்றேன், நேபாளியில் அண்ணன். அவர் என்னைப் 'பஹினி' என்றார்; தங்கை. கொல்கத்தாவிலிருந்து எடுத்துச் சென்ற அந்த நூலை ஒரு மாலை தேநீர்க் கடையில் அவரிடம் கொடுத்தேன். அவர் ஆங்கிலம் வாசிப்பதில்லை. படங்களை ஒவ்வொன்றாக, அவசரமின்றிப் பார்த்தார். ஒரு படத்தில் நின்று, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 1949 என்று போட்டிருக்கிறது என்றேன். இல்லை என்று தலையசைத்தார். விளக்கைத் தொட்டுக் காட்டினார். "எங்கள் வண்டிகளில் விளக்கு நடுவில். ஓரத்துக்குப் போனதெல்லாம் பின்னால் வந்தவை. என் அப்பா இருந்தபோதே அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தார்." கொல்கத்தா நூலில் அதே படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. தாஜு அதைக் கவனிக்கவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. இந்த நூலில் எங்கள் ஊர் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நூலை மூடி, அட்டையில் இருந்த ஆசிரியரின் படத்தைப் பார்த்து, "இவர் வண்டியை நேசிக்கிறவர்தான், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். கொல்கத்தாவின் பொறியாளரும் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தார்: "ஒரு கடிதம் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லியிருப்போமே, மா." இருவரும் ஆசிரியரின் அறியாமையைக் குறை கூறவில்லை. எதையும் அறியாமல் தொடங்குவது குற்றமன்று. நாம் எல்லாரும் அவ்வாறுதான் தொடங்குகிறோம். அறிந்தோர் பக்கத்தில் இருந்தும் கேட்கத் தோன்றாமையே அவர்களைப் புண்படுத்தியது. அவர்களுடைய அன்பு நூலின் சந்தையாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுடைய அறிவு கணக்கில் வரவே இல்லை.

ஆசிரியரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பதிப்பகத்திற்கு அட்டையில் அறிமுகமான பெயர் தேவை. அறிமுகமான பெயருக்கு உரியவருக்கு நேரம் குறைவு. சேசிஸ் எண்களைப் பற்றி எண்ணூறு பக்கம் எழுதிய பதிவேட்டாளரின் நூலைப் புகைவண்டி நிலையக் கடையில் எவரும் அடுக்கிவைக்கப் போவதில்லை. பிரபலத்தின் நூல் வழியாக இந்த வண்டியின்பால் ஈர்க்கப்பட்ட சிறுவன் ஒருவன் நாளை அந்தப் பதிவேட்டைத் தேடிப் போகலாம். ஆர்வலர் கூட்டங்களிலும் வாயிற்காவலர் மனப்பான்மை உண்டு. புதியவரின் ஒரு பிழைக்காக அவரை விரட்டிவிடும் கடுமையை நானே கண்டிருக்கிறேன். ஆயினும், புகழ் ஒரு வாயிலைத் திறக்கும் என்றால், அதன் வழியே அறிந்தவரையும் உள்ளே அழைத்து வரலாம். ஆர்வலர் ஒருவரைக் கையெழுத்துப் படியை வாசிக்கச் சொல்வதற்கு ஒரு வாரம் போதும். அதற்கான செலவு அட்டைப்பட நிழற்படக் கலைஞரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியாகவே இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருக்கும் அறிவை மதிப்பது நமக்குப் புதிதன்று. தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை எழுத்து வடிவங்களின் வளர்ச்சியைக் கொண்டு வரிசைப்படுத்திய ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். 1952இல் லீனியர் பி எழுத்தைப் படித்தறிந்த மைக்கேல் வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். அவர்கள் வென்ற பிறகு நாம் அவர்களை அறிஞர்கள் என்கிறோம். வெல்வதற்கு முன் அவர்களும் ஆர்வலர்கள்தான். இன்று கொட்டகையில் சேசிஸ் எண்ணைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருப்பவரை எந்த வரிசையில் வைப்பது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சந்தக்பூ வழியில் இப்போது சிமென்ட் பாவிய பகுதிகள் நீண்டுகொண்டிருக்கின்றன. சாலை சீராகச் சீராக, பொலேரோக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. ஊருக்கு நல்லது, நோயாளியை விரைவாகக் கீழே கொண்டுவரலாம். ஆனால் பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்கும். ஒரு வண்டி நிற்கும்போது அதன் பாகங்களின் பெயர்களும், ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் செவியும், விளக்கின் இடத்தைக் கொண்டு வயதைச் சொல்லும் கண்ணும் உடன் நிற்கும். தாஜுவின் மகன் சிலிகுரியில் வேறு வேலை பார்க்கிறான். ஒரு நூல் அந்த அறிவைக் காத்திருக்கக் கூடும். இலட்சம் பேர் வாசிக்கக்கூடிய ஒரு நூல் அதைச் செய்ய வாய்ப்பிருந்தும் செய்யவில்லை என்பதால்தான் இந்த ஏமாற்றத்தை அற்பமென்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

என் ஆய்வேடும் ஒரு நூல்தான். அதை ஐந்து பேர் வாசித்தால் அதிகம். இருப்பினும் வரும் குளிர்காலத்தில் வண்டிப் பாகங்கள் பற்றிய இயலை நேபாளியில் எழுதி எடுத்துக்கொண்டு மானேபஞ்சாங் செல்கிறேன். தேநீர்க் கடையில் ஓட்டுநர்கள் முன் வாய்விட்டு வாசிப்பதாக ஏற்பாடு. "இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அன்றிரவே திருத்தப்படும். அதன் பிறகே அந்த இயல் நெறியாளரிடம் செல்லும்.